‘டாக்டர்தான்’ என்றவருக்கு

ஏங்க,

நேற்று அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், படுக்கையை விட்டு எழ முடியாத பெண்ணின் அறைக் கதவு மெல்லத் திறக்கும்போது, “டாக்டர்தான் கொலைகாரன், நான் ஏற்கெனவே பாத்துட்டேன்” என்று போட்டு உடைத்தீர்களே! அதோடு டிவியை அணைத்தவள்தான், இன்னும் உங்களோடு பேசவில்லை. இதுவும் பேச்சில் சேராது, எழுத்து.

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

காலையில் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது மீதிப் படத்தையும் பார்த்துவிட்டேன். பாவம் டாக்டர், அவர்தான் அவளைக் காப்பாற்றுகிறார்! நீங்கள் பார்த்தது வேறு ஏதோ படம்.

கொலைகாரன் யாரா? கெஞ்சினால் சாயங்காலம் சொல்வேன்.

பி.கு: ரிமோட்டைத் தேடாதீர்கள், என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று: கொலைகாரன் குழாய்க்காரர் இல்லை. தைரியமாகக் கதவைத் திறங்கள்.