காலாண்டு அறிக்கையில் என் பெயர்

ஜனவரி 13, திங்கள்

எங்கள் துணைத்தலைவர் வெண்டல் இன்று புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொரின் டாட்லாக், வயது முப்பத்து நான்கு. நவம்பர் வரை செனட் கமிட்டி ஒன்றில் பெரிய வேலையில் இருந்தவள். எங்கள் ப்ரையர்லாக் மாதிரி கணினிப் பாதுகாப்பு விற்கிற கம்பெனி ஆட்களெல்லாம் சட்டத்தில் சாதகம் கேட்டு அவள் அறை வாசலில்தான் காத்துக் கிடப்போம். நானே மூன்று தடவை கிடந்திருக்கிறேன். அவளுக்கு அது நினைவில்லை. "நாம முன்னாடி பாத்திருக்கமா?" என்று கேட்டாள்.

வேலையை விட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் அவள் செனட்டில் யாரிடமும் எங்களுக்காகப் பேசக்கூடாது. சட்டம். போனில்கூட ஆகாது. பேசக்கூடாதவளுக்கு என்னைவிட அதிகச் சம்பளம்! பதினாலு வருஷம் அந்தப் பளிங்குத் தரையில் நடந்து முட்டி தேய்ந்தது எனக்கு. இந்த வருஷக் கடைசியில் வெண்டல் ஓய்வு பெறுகிறார். துணைத்தலைவர் நாற்காலி எனக்குத்தான் என்று இருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

கீழ்சபை ஊழியர்களுக்கு மாலையில் எங்கள் உபசரிப்பு. தடை செனட்டுக்கு மட்டும்தான்; கீழ்சபையோடு அவள் பேசலாம், அதனால் ஏற்பாடெல்லாம் அவள்தான். உட்கார வைத்துத் தட்டில் பரிமாறினால் அது சாப்பாடு; விதிப்படி குற்றம். நிற்க வைத்துப் பல் குத்தும் குச்சியில் குத்திக் கொடுத்தால் குற்றமில்லை. இத்தனை நாள் தின்கிற பக்கம் இருந்தவள், எங்காவது ஒரு நாற்காலியை எடுக்க மறந்திருப்பாள் என்று முன்னதாகவே போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இறால், கறி உருண்டை, பாலாடைக்கட்டி எல்லாம் குச்சியில்.

"பாத்தியா வெர்னா, ஒரு முள்கரண்டி கிடையாது" என்றார் வெண்டல், பூரிப்போடு.

பதினாலு வருஷமா நானுந்தான் முள்கரண்டி வைக்கல. யாராவது சொன்னாங்களா?

பிப்ரவரி 7

அவள் போட்டிருந்த பச்சைக் கோட்டு, நான் கடையில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டி வைத்த அதே கோட்டு.

மார்ச் 11

செனட் கமிட்டியில் இருக்கிற கணினிப் பாதுகாப்பு மசோதாவில் ஒரே ஒரு வரி வேண்டும் எங்களுக்கு. அரசு அலுவலகம் எந்தப் பாதுகாப்பு மென்பொருள் வாங்கினாலும், அது தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி இப்போதைக்கு எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் எழுதியது அரைப் பக்கம். கொரின் அதை வாங்கிப் படித்தாள். ஒரு மஞ்சள் துண்டுத்தாளில் பதினெட்டே வார்த்தை எழுதிக் கொடுத்தாள். "கமிட்டி வக்கீலுக்கு நீளமா இருந்தாப் பிடிக்காது, வெர்னா. இதை மட்டும் காட்டுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வரி நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

கொண்டுபோனேன். செனட் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்றபடியே இருபது நிமிஷம் வக்கீலிடம் மன்றாடினேன். வைத்துக்கொண்டார்.

மார்ச் 25

அந்தப் பதினெட்டு வார்த்தையும் மசோதாவில் ஏறிவிட்டது. ஒரு எழுத்து மாறவில்லை.

கூட்டத்தில் வெண்டல், "கொரின் வந்த ராசி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறென்ன? இந்த நோட்டில்கூட மறைத்து யாருக்கு ஆகப்போகிறது. நடந்தது யாரு? கெஞ்சினது யாரு? அவ பாட்டுக்கு நாற்காலில உக்காந்து ஒரு துண்டுச்சீட்டு குடுத்தா!

ஏப்ரல் 17

காலாண்டு அறிக்கை. சபைகளில் ஆதரவு தேடுகிற லாபி வேலைக்கு எவ்வளவு செலவழித்தோம், எந்த மசோதாவுக்கு யார் வேலை செய்தார்கள் என்று அரசுக்குச் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வருஷா வருஷம் நான்தான் நிரப்புகிறேன். அந்த வரிக்கு நேரே இரண்டு பெயரும் போடச் சொன்னார் வெண்டல்.

"கொரின் பேர் வேண்டாமே. தடைக்காலம் இன்னும் முடியல. யாராவது தப்பா எடுத்துக்கிட்டா?" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அக்கறையாகக் கேட்டது.

யோசித்தார். "அதுவும் சரிதான்."

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அவள் பெயரை அழித்தேன். வெர்னா ப்ரூயிட் மட்டும் நின்றது. அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஜூலை 9

எங்கள் மென்பொருள் தன்னைத்தானே பழுதுபார்க்கப் போய், ஒரு மாவட்டத்தின் அலுவலகக் கணினிகள் அத்தனையையும் முடக்கிவிட்டது. இரண்டு நாளாக ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவர்களின் விலாசத்தைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஜூலை 11

பத்திரிகைக்காரி ஒருத்தி போன் செய்தாள். "இதையே நாடு முழுக்க வாங்கணும்னு மசோதாவுல ஒரு வரி இருக்கே. அதுக்கு வேலை செஞ்சது நீங்க ஒருத்தர் மட்டும்தானா? அறிக்கைல வேற பேரே இல்லையே."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு வெண்டலிடம் ஓடினேன். அறிக்கைக்குத் திருத்தம் போடலாம், வரியை எழுதினது கொரின்தான், நான் கொண்டுபோய்க் கொடுத்தவள் மட்டும்தான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பப் போய்ப் போட்டா, தடைக்காலத்துல இருந்தவ பேரை வேணும்னே மறைச்சோம்னு ஆயிடும். அப்ப நீதானே வேண்டாம்னே?"

நான்தான். வேற யாரு?

ஜூலை 13

ஞாயிறு இதழில் முதல் பக்கம். என் படம். பக்கத்தில் யாரும் இல்லை.

செப்டம்பர் 4

அந்த வரியைக் கமிட்டி மசோதாவிலிருந்து நீக்கிவிட்டது. வெண்டலின் இடம் கொரினுக்கு. எனக்கு அக்டோபர் வரைதான் வேலை.

அக்டோபர் 20, திங்கள்

கடைசி நாள். இந்தக் காலாண்டு அறிக்கையையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கொரின் வந்து கதவைச் சாத்தினாள். கண் கலங்கியிருந்தது. "ஏப்ரல்ல என் பேரை எடுக்கச் சொன்னது நீங்கதான்னு வெண்டல் சொன்னார். அது இருந்திருந்தா இன்னைக்கு நான் இங்க இல்ல. எனக்காக இதுவரைக்கும் யாரும் இப்படிச் செஞ்சதில்ல, வெர்னா" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அதே பச்சைக் கோட்டு. நல்ல கம்பளி, கழுத்தில் உறுத்தவே இல்லை.

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் போன பிறகு படிவத்தை எடுத்தேன். மசோதா வேலை இப்போது அவளுடையது; அதற்கு நேரே கொரின் டாட்லாக் என்று போட்டேன். கடைசிப் பக்கத்தில், இனி இந்தக் கம்பெனிக்கு வேலை செய்யாதவர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் வெர்னா ப்ரூயிட். எழுத்தெல்லாம் சரியா என்று இரண்டு தடவை பார்த்தேன். அனுப்பிவிட்டேன்.