ஒரு தொட்டி மூடியது, ஏழு திறந்திருந்தன

3 மார்ச்

என் அருமை மூளைக்காரத் தம்பிக்கு,

அக்கா நலம். நீ எழுதிய புரோகிராம் எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. எட்டுத் தொட்டிக்கும் ஒரே பொத்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் இனி ஒற்றை விரலால் எட்டுத் தண்ணீர்க் குழாயையும் மூடப் போகிறேன். "தம்பி செஞ்சது" என்று மேஸ்திரியிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். "வீட்டு மூளை மொத்தத்தையும் அவனே எடுத்துக்கிட்டானா?" என்கிறார். நீ ஒழுங்காகச் சாப்பிடு. எலும்புக்குச் சட்டை போட்டது போல இருக்காதே.

உன் அக்கா

17 மார்ச்

தம்பிக்கு,

சனிக்கிழமை முதல் தடவையாகப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கிளம்பினேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். வெளுத்து அடுக்கிய விரிப்பெல்லாம் நாசம். முதல் தொட்டிக் குழாய் மட்டும் மூடியிருந்தது. முதலாவதைக் கையால் மூடிவிட்டு மற்ற ஏழையும் விட்டுவிட்டேனாம், மேனேஜர் சொல்கிறார். "அவ்வளவு சோம்பேறின்னா அந்த ஒண்ணையும் விட்டிருப்பேனே சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாதாம். உன்னிடமும் அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். பார்த்துச் சொல்லப்பா.

அக்கா

26 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் மறைக்க முடியவில்லை. புரோகிராமுக்குள் ஒவ்வொரு தொட்டிக்கும் அதன் நிழல் போல ஒரு ஆப்ஜெக்ட் உண்டு. நீ பொத்தானை அழுத்தினால் புரோகிராம் அதை அழிக்கும். அப்படி அழிக்கும்போது டெஸ்ட்ரக்டர் என்ற கடைசி வேலை ஓடிக் குழாயை மூடும். எட்டையும் ஒரே வரிசையாக, அர்ரேயாக வைத்திருந்தேன். வரிசையை அழிக்க, டிலீட் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட வேண்டும். போடாமல் விட்டேன். முதல் தொட்டிக்கு மட்டும் அந்த வேலை நடந்தது. ஒரே தொட்டியை வைத்துச் சோதித்ததால் எனக்குத் தெரியவில்லை. இப்போது திருத்திவிட்டேன். எட்டாவதில் தொடங்கி முதலாவது வரை எல்லாம் மூடுகின்றன.

ஆனால் அறிக்கையில் "இயக்கியவர் பிழை" என்று எழுதிவிட்டேன். எனக்கு வேலை நிரந்தரமாகும் நேரம் அக்கா. உனக்கு வேறெங்காவது கிடைத்துவிடும்.

உன் தம்பி

2 ஏப்ரல்

தம்பிக்கு,

யாரிடமும் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன். குறியை விட்டது பெரிய குற்றமில்லை. பெரிய டாக்டரின் மூக்குக்கண்ணாடியைக் கோட்டோடு துவைத்து இஸ்திரிக்கு அனுப்பியவள் நான். அன்றே போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் ஈரத்தில் நின்றிருக்கிறேன். இந்தக் கெட்ட பெயரோடு என்னை யார் சேர்ப்பார்? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு சொல்கிறார்கள். அதற்குள் மேனேஜருக்கு ஒரே ஒரு வரி எழுது. பிழை உன்னுடையது என்று.

அக்கா

9 ஏப்ரல்

மதிப்பிற்குரிய ஐயா,

வெள்ளிக்கிழமை பத்தரை மணிவரை மேனேஜர் மேசைமுன் நின்றேன். தங்களிடமிருந்து எதுவும் வரவில்லை. என்னை அனுப்பிவிட்டார்கள்.

தாங்கள் எனக்கு எழுதிய கடிதம் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் என் வேலை மிஞ்சியிருக்கும். நீட்டவில்லை. பாசம் என்று எண்ணிவிட வேண்டாம். என் கூடப்பிறந்தவன் இப்படி எழுதினான் என்று பக்கத்தில் நின்ற மேஸ்திரி படிப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

அதை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை நிரந்தரமாகட்டும்.

இப்படிக்கு,
சலவைக்கூடத்து முன்னாள் ஊழியர்