பொட்டு வைத்த பாட்டில்

நெமிலிச்சேரி,
26.9.2025

அன்புள்ள அகல்யாவுக்கு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் காகிதம்; ஆள்மூலம் கொடுத்தனுப்புகிறேன். நீ பிரின்சிபால் ஆனபிறகு உன் அறைக்குள் வரவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அது தனிச் சண்டை.

நேற்று நான் லீவு. இன்று வந்து பார்த்தால் என் கெமிஸ்ட்ரி லேப் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. விடுமுறைக்கு முன்பே நேற்று நடத்திய ஆயுத பூஜைக்காகப் பாட்டில்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியிருக்கிறார்கள். லேபிள் எல்லாம் உரிந்துவிட்டது. அந்த இடத்தில் சந்தனப் பொட்டு. உயரம் பார்த்து அடுக்கியதில், வாடையை வைத்துச் சொன்னால், ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில் நைட்ரிக் ஆசிட்; இரண்டும் கலந்தால் வெடிக்கும். எது எது என்று சோதித்துத்தான் லேபிள் ஒட்ட வேண்டும். விடுமுறை முடிந்து நான் வரும்வரை யாரையும் உள்ளே விடாதே. சாவி உன்னிடமே இருக்கட்டும்.

கோபத்தோடு, ஆனாலும் உன்
கார்த்தி

கரையான்சாவடி,
28.9.2025

அன்புக் கார்த்தி,

ஹாஸ்டலில் குழம்பில் உப்பு கூடினாலே தட்டைத் தள்ளுகிறவள் நீ. இன்னும் மாறவில்லை. கழுவச் சொன்னது நான்தான்டி. பூஜைக்குக் கரெஸ்பாண்டண்ட் வரும்போது தூசியையா காட்டுவது? அவருக்கு ரொம்பத் திருப்தி. சாவி என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, கோபம் ஆறி வா.

உன்
அகல்

நெமிலிச்சேரி,
7.10.2025

அகல்யா,

நம் பள்ளியில் கழிப்பறை கழுவும் நாகம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நான் ஊரிலிருந்து வருவதற்குள், ஆசிட் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் கேட்டாளாம். லேப்பில் நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்தாயாம். கழிப்பறைக்கு ஊற்றுவதும் ஆசிட், லேப்பில் இருப்பதும் ஆசிட், அவ்வளவுதானா உனக்கு? அவள் எடுத்தது அடர் கந்தக அமிலம். தண்ணீர் இருந்த வாளியில் ஊற்றியதும் கொதித்துத் தெறித்திருக்கிறது. வலது கண் இனி தெரியாது என்கிறார் டாக்டர்.

“பொட்டு வச்சுகினு கீதே, சாமி கும்ட்ட பாட்டிலு இன்னா பண்ணிடப் போவுதுன்னு எட்த்தேன் டீச்சர்” என்கிறாள். உன்னை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கார்த்திகா

கரையான்சாவடி,
8.10.2025

கார்த்தி,

எனக்கும் சோறு இறங்கவில்லை. ஏதோ அவசரத்தில் கொடுத்துவிட்டேன். நாளை விசாரிக்க அதிகாரி வருகிறார். லேப் திறந்துகிடந்தது, நாகம்மா கேட்காமல் எடுத்துவிட்டாள் என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவளை நான் கைவிடமாட்டேன். இல்லையென்றால் என் வேலை போய்விடும். இத்தனை வருஷப் பழக்கத்துக்காகக் கேட்கிறேன்.

அகல்

நெமிலிச்சேரி,
9.10.2025

பிரின்சிபால் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கையெழுத்தை நான் போடவில்லை.

காலையில் மறுபடி நாகம்மாவைப் பார்க்கப் போனேன். “பிரின்சிபாலம்மாவ மாட்டி உட்டுடாதீங்க டீச்சர். பாவம், அதுல இன்னா கீதுன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்?” என்றாள். கண் போனவள் உங்களுக்காகப் பரிந்து பேசுகிறாள். தெரியும் நாகம்மா, நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்தவர்கள் என்று சொன்னேன். அதிகாரியிடமும் அதையே சொல்லிவிட்டேன்.

இனி பள்ளி விஷயம் தவிர வேறு எதற்கும் என்னைக் கூப்பிட வேண்டாம். பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டியாயிற்று. பொட்டை அழித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

இப்படிக்கு,
மு. கார்த்திகா
வேதியியல் ஆசிரியை