வெங்காயம் உரித்த தையல்காரருக்கு

பாய்,

காலையில் பையை உதறியபோது உங்கள் துணிக் கிளிப்பு கீழே விழுந்தது. நீலக் கலர், ஒரு பக்கம் பல் உடைந்தது. டயாலிசிஸுக்கு நான் கொண்டுபோகும் பை அது. போர்வை, பிஸ்கட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, பையைத் துவைத்துப் பரண்மேல் போட்டுவிடு என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் போவதில்லை என்று நேற்றே முடிவு செய்துவிட்டேன். அவள் கிளிப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அலுத்துப்போச்சு பாய். பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் பக்கத்திலேயே நின்று வயசைக் கழித்தவன் நான். அந்தச் சூட்டுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பேன். இப்போது கிட்னி போனபிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஊரையே கேட்க வேண்டியிருக்கிறது. வாரா வாரம் ஊசி, மெஷின், அந்த ஸ்பிரிட் வாடை. நீங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை அந்த நாலு மணி நேரம் எப்படியோ ஓடிவிடும். இப்போது நகரவே மாட்டேன் என்கிறது.

ஒரு கை மெஷினோடு மாட்டியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. நீங்கள் புத்தகத்தை நெஞ்சின் மேல் நிறுத்தி, இந்தக் கிளிப்பை மாட்டி, பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படிப்பீர்கள். மங்கலம்பேட்டை லைப்ரரியில் வேறு புத்தகமே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வரும். எப்போது பார்த்தாலும் எவனோ ஒருவன் தான் பட்ட அவமானத்தைத் தானே எழுதியதுதான். கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தான், இண்டர்வியூவுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனான். நமக்கென்ன வந்தது?

"ஏன் பாய், நல்ல கதைப் புஸ்தகமா ஒண்ணு எடுத்தாரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கதைன்னா கடைசீல யாரையாவது சாகடிச்சுடறானுங்கண்ணே. இது அப்படியில்ல. எவ்ளோ அடி வாங்கினாலும் ஆளு பொழச்சு வந்துதானே எழுதுறான்? மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுபோவுது. பயப்படாம படிக்கலாம்."

சரியான ஆளய்யா நீர் என்று நினைத்தேன். பிறகு நீங்கள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தீர்கள். பந்தியில் ஒருவன் கௌரவத்துக்காக டம்ளர் டம்ளராகப் பாயசம் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த கதை. நம் இரண்டு பேருக்கும் நாக்கு வறண்டு கிடக்கிறது. "அடப்பாவி, நம்ம மேல எரக்கமே இல்லியே இவனுக்கு!" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் கை ஆடி, மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸம்மா ஓடிவந்து, "ரெண்டு பேரும் சிரிக்கிறதா இருந்தா வூட்ல போயி சிரிங்க, இங்க உயிரை வாங்காதீங்க" என்று திட்டினார். திட்டும்போதே அந்தம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் புத்தகங்கள் பிடித்தன. ஒருவன் வந்து உட்கார்ந்து தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்கிறபோது நம்முடையது கொஞ்சம் லேசாகிறது. பெற்ற மகன் என்னைக் குழந்தை மாதிரி கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தாலே அழுகை வரும். உங்களிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்குத்தான் நீங்கள் துபாய்க் கதையைச் சொன்னீர்கள்.

"டெய்லருன்னுதாண்ணே விசா. போனா கிச்சன்ல உக்கார வச்சுட்டான். முழுசா ஒரு வருஷம் வெங்காயம் உரிச்சேன். வூட்டுக்கு போட்டோ அனுப்பறப்ப மட்டும் அளவு டேப்ப கழுத்துல மாட்டிக்குவேன். எங்க வூட்டுல அதை பிரேம் போட்டு மாட்டியிருக்காங்க, இன்னும் இருக்குது."

"அழுவாச்சி வரலியா பாய்?"

"வெங்காயம் உரிக்கிறவன் அழுதா எவன்ணே கண்டுபுடிப்பான்?"

இதை எழுதுங்க பாய் என்றேன். "உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்றீர்கள். கடைசியாகப் பார்த்த அன்று, படித்த புத்தகத்தை லைப்ரரியில் கொடுக்க வேண்டும் என்று கிளிப்பைக் கழற்றி என் பையில் போட்டீர்கள். "அடுத்த புஸ்தகத்துக்கு வேணும், பத்திரமா வச்சிருங்க." அடுத்த முறை உங்கள் கட்டில் காலியாக இருந்தது. சேதி தெரிந்து நான் மங்கலம்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் கழுத்தில் டேப்போடு நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. துக்க வீட்டில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து, தெருமுனையில் நின்று அழுதேன்.

இன்றைக்குப் போனேன் பாய். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை. உங்கள் கட்டிலில் நல்லூர்க்காரர் ஒருவர். புதுசு. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இதோட சரிங்க, இனிமே வர மாட்டேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். என் வாயிலிருந்து பிடுங்கியதுபோல் இருந்தது. கையில் புத்தகம் இல்லை. எனக்குத் தெரிந்தது உங்கள் கதை ஒன்றுதான். அதைச் சொன்னேன். டேப்பு வந்த இடத்தில் லேசாகத் திரும்பினார். வெங்காயம் வந்த இடத்தில் சிரித்தேவிட்டார்.

"அப்புறம் அவரு ஊருக்கு வந்துட்டாரா?" என்று கேட்டார்.

"வந்தாரே. வந்துதானே எனக்குச் சொன்னாரு" என்றேன். அது உங்கள் கட்டில் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஊசியை எடுத்த பிறகு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"வியாழக்கெழம நீங்க வருவீங்களா?"

வருவேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், பாய்.