ஒரு மிடறு தண்ணீர்

பெப்ரவரி 3, திங்கள்
எங்கள் விரிவுரையாளர் பஸ்மியா மிஸ் என் போர்ட்போலியோவை, சிகிச்சைப் பதிவுக் கோப்பை, திருப்பித் தந்தார். அட்டை, அட்டவணை எல்லாம் அழகாம். "இதுக்குள்ள நீங்கள்தான் இருக்கிறீங்கள், கஜந்தி. நோயாளியைக் காணேல்லை" என்றார்.

விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்குச் சிகிச்சை செய்த முழு விபரமும் ஏப்ரல் கடைசிக்குள் அதில் சேர வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுச் சிகிச்சைப் பட்டம் அடுத்த வருடம்தான். எனக்குக் கிடைத்திருப்பது ஒரே ஆள், உட்துறைமுக வீதி ஞானமலர் அன்ரி. பாரிசவாதத்தில் பேச்சு நாலைந்து சொல்லாகச் சுருங்கிவிட்டது. பச்சைத் தண்ணீர் குடித்தால் வழிமாறி நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாகிறது. எந்தப் பானத்தையும் தடிப்பாக்கும் மா கலந்து கஞ்சிப் பதத்தில்தான் கொடுக்க வேண்டும். எதை எப்படிக் கொடுப்பதென்று நான் எழுதிக் கொடுத்த அட்டையை மகள் ஜெனிதா அக்கா குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

பெப்ரவரி 10
அன்ரிக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி. அட்டையில் உள்ளதைத் தவிர ஒரு துளியும் கொடுக்கவில்லை என்கிறார் ஜெனிதா அக்கா. பொய் சொல்லும் முகமில்லை. அப்படியென்றால் பிழை என்னுடையதா?

பெப்ரவரி 19
காய்ச்சல் விட்டது. இன்னும் தடிப்பாகக் கலக்கச் சொன்னேன். அன்ரி கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினேன்.

மார்ச் 10
திரும்பவும் காய்ச்சல். இந்த முறை வார்ட்டில், ஒட்சிசனோடு. விழுங்கலை யார் பார்க்கிறது என்று டொக்டர் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். எல்லாரும் என்னைத்தான் பாத்தவை. எனக்கு ஏலாது. மனுசி என்னாலதான் சாகப்போகுதோ?

மார்ச் 11
இன்னொரு தரம் வந்தால் சாப்பாடு மூக்கால் குழாயில்தான். அன்ரியையும் என்னிடமிருந்து எடுத்துவிடுவாராம் மிஸ்.

மார்ச் 13
வார்ட்டுக்கு அன்ரியின் கோவில் ஃபாதர் வந்தார். அன்ரி நாக்கை நீட்டினார். ஃபாதர் அந்த வெள்ளை அப்பத்தை எடுக்க, ஜெனிதா அக்கா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"நன்மை, பிள்ளை. ஒட்டாமல் இறங்க ஒரு மிடறு தண்ணி குடுக்கிறனாங்கள்."

"ஒண்டும் குடுக்கேல்லை எண்டு சொன்னீங்கள், அக்கா."

"சாப்பாடு குடுக்கேல்லைத்தானே. இது சாப்பாடோ?"

ஃபாதர் அப்பத்தைத் திரும்ப வைத்தார். அன்ரி இடது கையால் என்னை அடித்துவிட்டு அழுதார்.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி, நோயாளிகளுக்கு நன்மை, அதாவது பூசையில் வைத்த அந்த அப்பம், கொடுக்க ஃபாதர் வீடு வீடாகப் போவாராம். இரண்டு காய்ச்சலும் அதற்குப் பிறகுதான் வந்திருக்கின்றன. நானோ லிங்கநகர்ச் சைவப் பிள்ளை. வெள்ளி என்றால் எங்களுக்கு விரதமும் கோயிலும். அவர்களுக்கும் ஒரு வெள்ளி இருக்குமென்று கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 14
'குடும்பம் அறிவுரையைப் பின்பற்றவில்லை.' ஒரு வரி, நான் தப்பினேன். எழுதியும் விட்டேன்.

பிறகு அழித்தேன். பின்பற்றினார்கள்தானே. என் அட்டையில் புட்டு, சொதி, தேத்தண்ணி, குளிசை எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. அதையே அப்படியே போர்ட்போலியோவில் எழுதி வைத்தேன்.

மார்ச் 24
அன்ரி வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன வேண்டுமென்று முதல்தடவையாக அவரிடமே கேட்டேன். சாப்பாட்டுப் படங்களைப் பரப்பினேன், எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். கண்ணை மூடி நாக்கை நீட்டினார்.

உயிர்த்த ஞாயிறு பூசையில் நன்மை எடுக்க ஆசை என்றார் ஜெனிதா அக்கா. ஃபாதரிடம் கேட்டேன், சின்னத் துண்டே போதுமாம். பழக, பூசையில் வைக்காத வெறும் அப்பம் கொஞ்சம் தந்தார். பயிற்சி இதுதான்: தடித்த தண்ணீரில் துண்டு, நாடியைத் தாழ்த்து, விழுங்கு, இன்னொரு தரம் விழுங்கு, வாயைத் திறந்து காட்டு.

ஏப்ரல் 4
முதல் வெள்ளி. பயிற்சி முடியாததால், ஃபாதரை இந்தத் தடவை வரவேண்டாமென்று நான்தான் சொன்னேன். அன்ரி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16
பயிற்சியில் இருமல் இல்லை. ஆனால் போர்ட்போலியோவுக்கு, கடைசியில் நன்மை எடுப்பதையே வீடியோவாகக் காட்ட வேண்டும். கோவிலுக்குள் எடுக்கக்கூடாது என்கிறார் ஜெனிதா அக்கா. மறைத்து எடுக்கலாம்தான். சீ.

ஏப்ரல் 20
உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த வருடத்திலிருந்து கோவில் வாசலில் பை சோதனை. என் டின்னில் இருந்த வெள்ளை மாவைப் பொலிஸ்காரர் மோந்து பார்த்தார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

நன்மை நேரம் நான் சக்கரக் கதிரைக்குப் பக்கத்தில். ஃபோன் பைக்குள்ளேயே இருந்தது. அன்ரியின் நாடி தாழ்ந்தது. விழுங்கினார், ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு ஃபாதரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, சனம் பார்க்க, வாயை ஆவென்று திறந்து காட்டினார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 23
காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 28
வீடியோ எங்கே என்று மிஸ் கேட்டார். "இல்லை மிஸ். நான் பாத்தனான்" என்றேன். அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, அட்டையில் நான் விட்டதை எழுதிய இடத்தில் நின்றார். அங்கேயே கையெழுத்து வைத்தார்.

மே 2, வெள்ளி
காலையில் ஜெனிதா அக்கா ஃபோன் எடுத்தார். ஃபாதர் வந்து வாசலில் நிற்கிறார், மா முடிந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் கத்தினேன்.

"எங்க குடுக்கிறது, பிள்ளை? அம்மா வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு இருக்கிறா. நீங்கள் மாவோட வந்தால்தான் திறப்பாவாம்."

ஓட்டோவில் போய் இறங்கியபோது, ஃபாதர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.