நீ விபூதிப் பட்டை போட்ட கணினி

மாப்பிள்ளை,

இந்த உலகத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதையை எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். நீ இருந்திருந்தால் முதல் வரியிலேயே "மச்சான், அளவா விடு" என்று சொல்லியிருப்பாய். நீ இல்லாததால் அளவு பார்க்க ஆளில்லை.

நேற்றுத் தங்கச்சி கூப்பிட்டாள். உன் வீட்டுக் கணினி செம்பனை எண்ணெய் ஆலை மாதிரி உறுமுகிறதாம். போய்ப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை முகத்தில் அடித்தது. விசிறியைத் தூக்கினால், அடியில் புரோசசர் மேல் காய்ந்துபோன வெள்ளைப் பசை. அதில் இன்னும் மூன்று கோடுகள் தெரிகின்றன என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைப்பேன். துடைக்கத் துணி எடுத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செனாய் ஊர்த் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் நாம். அதனால்தான் நீ என் தங்கச்சியைக் கட்டிய பிறகும் உன்னை 'நீங்க' என்று கூப்பிட என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூலாய் ஊரில் ஒரே வரிசையில் வீடு, நடுவில் ஒரு வேலி. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அன்றைக்கு நீ என்னைக் கூப்பிட்டாய்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தை மூடியிருந்தார்கள். சிங்கப்பூரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த தங்கச்சி, இரண்டு வாரம்தானே என்று ஒரு பையோடு போய் அங்கேயே மாட்டிக்கொண்டாள். இங்கே இனிப்புநீர் வியாதி உன் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. தினமும் கைப்பேசியில் வந்தாள். அந்தச் சின்னத் திரையை மூக்கில் ஒட்டிப் பிடித்தும் உனக்குத் தெரிந்தது ஒரு மங்கல் மட்டும்.

"குரல் வருது மச்சான். மொகம் வரல. முழுசா இருட்டுறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும்."

நீ என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் வழக்கம்போல் வாயைத் திறந்தேன். சுவர் உயரத்துக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றேன்.

உன் வீட்டுத் தொலைக்காட்சி தொப்பை வைத்த காலத்துப் பெட்டி. கைப்பேசி என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. கடைகளெல்லாம் பூட்டு. என் ஸ்டோர் அறையிலோ ஒரு பெரிய திரையும், செத்துப்போன இரண்டு கணினிகளும் கிடந்தன. ஒன்றில் பவர் சப்ளை புகைந்திருந்தது, இன்னொன்றில் மதர்போர்டு. இரண்டு பிணத்தில் இருந்து ஓர் உயிர் செய்ய வேண்டும். கணினிப் பெட்டியைச் சாரோங்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துப் பின்சந்து வழியாக வந்தேன். வழியில் ஆயிரம் போலீஸ்காரர்கள் என்று பின்னால் ஊரெல்லாம் சொன்னேன். ஒரு பூனை இருந்தது.

எனக்குக் கண், உனக்கு விரல். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பலகையைத் தொடுவதற்கு முன் இரும்புப் பெட்டியைத் தொடச் சொன்னேன். உடம்பில் நிற்கும் மின்சாரம் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாகங்கள் கெட்டுப்போகும். நீ தொட்டாய். தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டாய். அந்த நேரம் எனக்குக் கிண்டல் வரவில்லை.

புரோசசரின் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும். மதர்போர்டிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் நான் பார்த்துச் சொல்ல, நீ இறக்கினாய். அமுக்காதே, தானாக உட்காரும் என்றேன். உட்கார்ந்தது. சூட்டை இழுக்கும் பசையைத் தடவு என்று குழாயைக் கொடுத்துவிட்டு, நான் திருகாணி தேடத் திரும்பினேன். அதற்குள் நீ விரலில் எடுத்து, அழகாக மூன்று பட்டை போட்டுவிட்டாய்.

"என்னடா இது?"

"நெத்தி மாதிரி இருந்துச்சு மச்சான், கை தானா போயிருச்சு."

நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும், விசிறியின் அழுத்தத்தில் அதுவே பரவிவிடும். நேற்று நான் புதுப் பசை வைத்தது அப்படித்தான். ஆனால் அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துவிட்டு, அழிக்க மனமில்லாமல் விசிறியை அப்படியே மேலே பூட்டினேன்.

ரேம் துண்டை நான் செருகினேன், புதுப்பெண்ணின் கையைப் பிடிப்பதுபோல் பயந்து பயந்து. பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பு. உள்ளே இருந்து நீளமாக ஒரு கூவல், மறுபடியும் ஒரு கூவல். போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். கோலாலம்பூர் வரை கேட்டதாக நான் சொல்லித் திரியும் சத்தம் அதுதான்.

நீ பதறவில்லை. மின்சாரத்தை அணைக்கச் சொன்னாய். வயரையும் பிடுங்கச் சொன்னாய். உள்ளே கையை விட்டு, தடவித் தடவிப் போனாய். "ஒரு பக்கம் பூட்டிருக்கு, இந்தப் பக்கம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது," என்று கட்டைவிரலை வைத்து அழுத்தினாய். டக்கென்று ஒரு சத்தம். புரோசசரை அமுக்கக் கூடாது, ரேமை அமுக்காமல் விடக் கூடாது. எனக்குத் தெரிந்த பாடம்தான், பயத்தில் மறந்துவிட்டது.

திரை வெளுத்தது. கேமராவைத் திரையின் தலையில் மாட்டி, தங்கச்சியைக் கூப்பிட்டோம். அவள் வந்தாள். திரை முழுக்க அவள் முகம்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு நீ கிட்டே போனாய், இன்னும் கிட்டே போனாய். நான் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

பாலம் திறந்து அவள் வந்து சேர்ந்தபோது உனக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். அவள் தோளைப் பிடித்துத்தான் நடந்தாய். போன வருஷம் அந்தத் தோளையும் விட்டுவிட்டுப் போய்விட்டாய். இப்போது விருந்துகளில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கூவல் கொஞ்சம் நீளும், போலீஸ் கொஞ்சம் கூடும். பூனையைப் புலியாகக்கூட ஆக்கியிருக்கிறேன். தங்கச்சி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், இதில் ஒரு சின்ன இடம் அசல் உண்மை. அந்த இடத்தை நான் எந்த விருந்திலும் சொன்னதில்லை. திரையை மேலிருந்து கீழாக நீ கண்ணால் தடவினாய். பிறகு மெதுவாக, "முடிய எப்ப வெட்டுன?" என்று கேட்டாய்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரியுதா?"

"தெரியுது" என்றாய்.