வலது பக்கம் சத்தம் குறைவு

மார்ச் 4, செவ்வாய்

நசிமியு கடைக்குப் புதிதாக வந்த ஹெட்போனை இன்று வாங்கினேன். தொள்ளாயிரம் ஷில்லிங். காதை முழுக்க மூடுகிற மெத்தையோடு இந்த விலைக்கு லுதுலி தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. ரொங்காய் ரூட் மினிபஸ் கண்டக்டர்கள் நூற்று நாற்பது பேர் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "ஒடுவோர் என்ன சொல்றான்?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்காமல் எவனும் ஹெட்போன் வாங்குவதில்லை. வண்டி கிளம்பும் ஸ்டேஜில் எங்கள் முறை வரும்வரை ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கிறோம். அப்போதாவது பாட்டு ஒழுங்காகக் கேட்க வேண்டாமா?

வயரை முப்பது தடவை முறுக்கினேன், தாங்கியது. குனிந்து நிமிர்ந்தேன், நழுவவில்லை. பேஸ் நெஞ்சில் இடிக்கிறது; பாடுகிறவளின் குரல் அதில் மூழ்கவும் இல்லை. ஆனால் — வலது பக்கம் சத்தம் குறைவு.

இதிலுமா? இந்த வருஷம் நான் பார்த்த நான்காவது ஹெட்போன் இது. நான்கிலும் இதே குறை. தொழிற்சாலைக்காரன் வலது பக்கத்துக்கு மட்டும் மட்டமான சரக்கைப் போடுகிறான் என்பது என் கணிப்பு.

மார்ச் 5

மாற்றிக் கேட்டேன். நசிமியு முகம் சுளிக்காமல் மூன்று பெட்டி பிரித்தாள். மூன்றும் அப்படியே. அவளும் மாட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது கண்டக்டரே."

"விக்கிறவங்க காதுக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்கும்."

"போன மாசம் சார்ஜர் சூடாகுதுன்னு சண்டைக்கு வந்தீங்க. அதை வெயில்ல வச்சிருந்தது யாரு?"

அது வேறு விஷயம்.

மார்ச் 6

என் ஒருவன் காதை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த மூன்றையும் நசிமியுவிடம் இரவல் வாங்கி ஸ்டேஜுக்குக் கொண்டு போனேன். இருபத்து மூன்று பேர் மாட்டிப் பார்த்தார்கள். இருபத்தோரு பேர் என் கட்சி! மறுத்தது இரண்டே பேர் — என் வண்டி டிரைவர் கமாண்டே அண்ணனும் இன்னொரு டிரைவரும். "டிரைவர் காதுல எஞ்சின்தான்யா ஓடும்" என்று சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 8, சனி

தீர்ப்பைக் குழுவில் போட்டேன்: வாங்காதீர்கள். நூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள்.

மார்ச் 12

கமாண்டே அண்ணன் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"நம்ம ஆளுங்கள நம்பித்தான் அந்தப் பொண்ணு இருநூறு பெட்டி இறக்கிச்சு. சனிக்கிழமைலேருந்து ஒண்ணு போகல. இந்த மாசத்தோட கடையை விட்டுடலாம்னு பேசுது. நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்ட."

உண்மையைச் சொன்னது குற்றமா? அப்படித்தான் அவரிடமும் கேட்டேன். ஆனால் சப்பாத்தியும் பீன்ஸும் பாதியில் நின்றுவிட்டன.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

நசிமியு ஒரு பெட்டியோடு ஸ்டேஜுக்கே வந்துவிட்டாள். எல்லோரும் பார்க்க என் தலையில் ஹெட்போனை மாட்டினாள்.

"எந்தப் பக்கம் குறையுது?"

"வலது."

கழற்றினாள். திருப்பினாள். 'R' என்று எழுதியிருந்த பக்கத்தை என் இடது காதில் வைத்தாள்.

"இப்ப?"

குறை என்று நான் எழுதிய பக்கம் இடது காதில் கணீரென்று கேட்கிறது. நல்ல பக்கம் வலது காதுக்கு வந்து மங்கிவிட்டது.

"சொல்லுங்க ஐயா, நீதிபதி ஐயா."

"வலதுதான்..."

முதலில் பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருவன் வாங்கித் திருப்பிப் போட்டான். அடுத்தவன். அவனுக்கு அடுத்தவன். வரிசையாகச் சிரிப்பு நின்றுகொண்டே போயிற்று.

கமாண்டே அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார். "டேய், கதவுல எப்படிடா தொங்குவீங்க?"

எப்படி? முன்னால் பார்த்தபடி, பாதி உடம்பு வெளியே. வலது காது வண்டிக்குள்ளே. கதவுக்கு மேலேதான் எங்கள் பெரிய ஸ்பீக்கர். எல்லா வண்டியிலும் அங்கேதான். நான் தொங்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இருபத்தோரு சாட்சிகள் என்று பெருமைப்பட்டேனே — இருபத்தோரு பேருக்கும் ஒரே காது.

நசிமியு சண்டை போடத்தான் வந்தாள். போகும்போது ஹெட்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 15

குழுவில் எழுதினேன்: "நசிமியு கடை ஹெட்போனில் குறை இல்லை. குறை என் காதில். தப்பு என்னுடையது." வந்த முதல் பதில்: "நீதிபதிக்கு மறுபக்கம் கேட்கும் பழக்கம் இல்லை." தகும்.

வீட்டில் மனைவி அக்கேயோவிடம் சொன்னேன். சோஃபாவில் அவள் எப்போதும் என் வலது பக்கம்தான் உட்காருவாள்.

"அவினோ அப்பா, ரெண்டு வருஷமா நான் பேசினா நீங்க வேணும்னே பதில் சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பிறகு எழுந்து இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு இரண்டு வருஷத்துப் பாக்கிப் பேச்சையும் தொடங்கிவிட்டாள்.

மார்ச் 18

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துத் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். அடேயப்பா, என்ன மெத்தை! வெளிச் சத்தம் ஒரு பொட்டு வரவில்லை. விலை என்ன என்று கேட்டேன். காதைச் சோதித்த அம்மா சிரிக்கவில்லை.

"போனது திரும்ப வராது. இருக்கறதயாவது காப்பாத்திக்கோங்க."

பயமாக இருக்கிறது. இங்கே எழுதுவதோடு சரி, வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 24, திங்கள்

நசிமியுவிடம் இன்னும் முப்பது பெட்டிதான் மிச்சம். இன்று புதிதாக ஒன்றைக் கையில் கொடுத்துத் தீர்ப்புக் கேட்டாள். கமாண்டே அண்ணனிடம் கொடு என்றேன். "நீங்களே சொல்லுங்க. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போட்டுச் சொல்லுங்க" என்றாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மாலை டிரிப்பில் கமாண்டே அண்ணன் என்னைக் கேட்காமலே பாட்டுச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். பின்சீட்டு மாணவர்கள் கத்தினார்களாம், "கண்டக்டர், இது என்ன சாவு வீட்டு வண்டியா? சத்தம் வைப்பா!" என்று. இரண்டு பேர் இறங்கிப் பின்னால் அதிர்ந்துகொண்டு வந்த வண்டியில் ஏறிவிட்டார்கள். மற்றவர்களும் விடவில்லை.

நான் கதவில் தொங்கியபடி, எதுவும் காதில் விழாத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் நடிப்பு.